காசிக்காரரின் கசடும் கைப்பர் பட்டையின் சிவப்பும்

ஒரு கண்ணாடிக் கலத்துக்குள் ஒன்பது பங்கு நைட்ரஜன், ஒரு பங்கு மீத்தேன். அழுத்தத்தைக் குறைத்து ஊடே மின்சாரம் பாய்ச்சினால் வாயு மங்கலாக ஒளிரும். அப்படியே ஓடவிட்டால் கலத்தின் உட்சுவரில் மெல்லிய மஞ்சள் படலம் தெரியத் தொடங்கும். பிறகு அது ஆரஞ்சாகும், செம்பழுப்பாகும், கெட்டிப்படும். சுரண்டி எடுத்தால் பழுப்புப் பொடி. தண்ணீரில் முழுதும் கரையாது, இன்ன மூலக்கூறு என்று ஒரே சூத்திரத்தில் எழுதவும் முடியாது. நூற்றுக்கணக்கான கரிமச் சேர்மங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் கலவை அது.

வேதியியல் கூடங்களுக்கு இத்தகைய படிவு புதிதல்ல. 1953-இல் ஸ்டான்லி மில்லர் சிகாகோவில் வாயுக் கலவையில் மின்பொறி செலுத்தி அமினோ அமிலங்களை உண்டாக்கியபோதும் தார் போன்ற கசடு மிஞ்சியது. உலகம் அமினோ அமிலத்தைப் பார்த்தது. கசடைக் கழுவி ஊற்றிவிட்டு அடுத்த வேலைக்குப் போவதுதான் வழக்கம்.

அதைக் கழுவி ஊற்றாமல் பத்திரப்படுத்தி, அளந்து, வாழ்நாளின் பெரும்பகுதியை அதற்கே கொடுத்தவர் பிஷுன் கரே. வாராணசியில் பிறந்தவர். அமெரிக்கா வந்து சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பிறகு நியூயார்க் மாநிலத்து இதாக்காவில், கார்னெல் பல்கலைக்கழகத்தில், கார்ல் சேகனோடு பல்லாண்டுகள் வேலை செய்தார். சேகனின் பெயர் தொலைக்காட்சி வழியாக உலகெங்கும் போயிற்று. ஆய்வுக்கூடத்தில் கலத்தைச் சூடாக்கி, குளிர்வித்து, மின்பொறி ஏற்றி, படிவைச் சுரண்டிய கைகள் கரேயுடையவை. 1979-இல் இருவரும் சேர்ந்து 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரையில் இந்தப் பழுப்புப் பொருளுக்குத் 'தோலின்' என்று பெயரிட்டார்கள். விண்வெளியில் வாயுவும் தூசியும் பனியும் எங்கெல்லாம் கதிர்வீச்சில் நனைகின்றனவோ அங்கெல்லாம் இது உண்டாகியிருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். அப்போது அதற்குச் சாட்சி மிகக் குறைவு.

பெயரைவிடப் பெரிய கொடை 1984-இல் வந்தது. கரே, சேகன் குழு அந்தப் பொடியின் ஒளியியல் எண்களை எக்ஸ் கதிரிலிருந்து மைக்ரோ அலை வரை அளந்து அட்டவணையாக வெளியிட்டது. ஒவ்வொரு அலைநீளத்திலும் இந்தப் பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கிறது, எவ்வளவு விழுங்குகிறது என்ற கணக்கு அது. பார்க்க வறண்ட எண்கள்தான். ஆனால் அந்த எண்கள் கையில் இருந்தால், தொலைநோக்கியில் புள்ளியாக மட்டும் தெரியும் ஒரு பொருளின் மேற்பரப்பில் இவ்வளவு பனி, இவ்வளவு கரி, இவ்வளவு பழுப்புப் பொடி என்று கலந்து பார்த்து, கிடைக்கும் நிறமாலையோடு பொருந்துகிறதா என்று சோதிக்கலாம். 40 ஆண்டுகளுக்கு மேலாகியும் ஆய்வாளர்கள் அந்த அட்டவணையைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கசடு பூமியில் தயார். வானத்தில் அதன் இணையைத் தேட ஒரு கண் வேண்டியிருந்தது. அந்தக் கண் பிறந்த இடம் நமக்கு மிகப் பக்கம்.

நியூ ஜெர்சியில், நம் ஐசலினிலிருந்து காரில் அரை மணி நேரத் தொலைவில் மர்ரே ஹில். அங்கிருந்த பெல் ஆய்வுக்கூடத்தில் 1969-இல் வில்லர்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் சி.சி.டி. என்ற சில்லை உருவாக்கினார்கள். கணினி நினைவகத்துக்கு ஒரு புது வழி தேடப்போய் அமைந்தது அது. ஒளி விழுந்தால் மின்னூட்டம் சேரும், சேர்ந்ததை வரிசையாக நகர்த்தி எண்ணிவிடலாம் என்பதுதான் அதன் அடிப்படை. 2009-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பழைய புகைப்படத் தட்டு தன்மேல் விழும் ஒளித்துகள்களில் நூற்றில் ஒன்றிரண்டைத்தான் பதிவு செய்யும். நல்ல சி.சி.டி. பாதிக்கு மேல் பிடித்துவிடும். ஐசலினின் மெட்ரோபார்க் நிலையத்தில் தினம் ரயிலேறும் எத்தனையோ பேருக்கு, வெளிச் சூரியக் குடும்பத்தின் கதவைத் திறந்த சாவி இந்த மாநிலத்தில் வார்க்கப்பட்டது என்பது தெரியாது. இதை நாம் உரக்கச் சொல்லிக்கொள்ளலாம்.

1992 அந்த வகையில் மறக்கக்கூடாத ஆண்டு. ஜனவரியில் டேவிட் ராபினோவிட்ஸ், அரிசோனாவின் ஸ்பேஸ்வாட்ச் தேடலில், பெரும்பாலும் சனிக்கோளுக்கு அப்பால் சுற்றித் திரியும் ஒரு பொருளைக் கண்டார். அதற்கு ஃபோலஸ் என்று பெயரிடப்பட்டது. ஆகஸ்ட் 30 அன்று ஹவாயின் மௌனா கியா உச்சியில் டேவிட் ஜூயிட்டும் ஜேன் லூவும் நெப்டியூனுக்கு அப்பால் ஒன்றைக் கண்டார்கள். இன்று அதன் பெயர் ஆல்பியன். புளூட்டோவையும் அதன் நிலவு கேரனையும் விட்டால் அங்கே பனிப் பொருள்கள் சுற்றும் கைப்பர் பட்டையில் கிட்டிய முதல் பொருள் அதுதான். வெறுங்கண்ணுக்குத் தெரியும் மிக மங்கலான நட்சத்திரத்தைவிட சுமார் 60 லட்சம் மடங்கு மங்கல்.

இவ்வளவு மங்கலான புள்ளியின் நிறத்தை எப்படி அறிவது? சி.சி.டி.க்கு முன்னால் முதலில் நீல வடிகட்டி, பிறகு சிவப்பு வடிகட்டி. இரண்டிலும் வந்த ஒளியை எண்ணி ஒப்பிட வேண்டும். அந்தப் பொருளுக்குச் சொந்த ஒளி கிடையாது, எல்லாம் சூரியன் தந்ததுதான். அதனால் விகிதம் சூரியனுடையதைப் போலவே இருந்தால் மேற்பரப்பு சாம்பல் நிறம். நீலம் குறைந்து சிவப்பு ஓங்கினால் நீலத்தை விழுங்கும் ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது. ஃபோலஸில் நீலத்தோடு ஒப்பிட்ட சிவப்பு, சூரிய ஒளியில் இருப்பதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் வந்தது. அதுவரை அளக்கப்பட்ட எந்தச் சிறுகோளும் அவ்வளவு சிவப்பாக இருந்ததில்லை.

கரேயின் பொடி இங்கேதான் மேடை ஏறுகிறது. கலிஃபோர்னியா வளைகுடாப் பகுதியில், மவுன்டன் வியூவை ஒட்டிய நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் டேல் க்ரூக்‌ஷாங்க் 1998-இல் ஃபோலஸின் நிறமாலையைப் பிரித்துக் காட்டினார். தண்ணீர்ப் பனி, மெத்தனால் போன்ற எளிய சேர்மத்தின் பனி, ஒலிவின் என்னும் கற்கனிமம், கரி, இவற்றோடு தோலின். தோலினை எடுத்துவிட்டால் அந்தச் செங்குத்தான சிவப்புச் சரிவு வரவேயில்லை. சேகன் 1996-இல் மறைந்த பின் கரேயும் வளைகுடாப் பகுதிக்கே வந்து ஏம்ஸிலும் வேற்றுலக அறிவுயிர்களைத் தேடும் செட்டி நிறுவனத்திலும் கடைசி வரை உழைத்தார். 2013-இல் அவர் காலமானார். இரண்டே ஆண்டுகள் கழித்து நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் புளூட்டோவைத் தொட்டும் தொடாமலும் கடந்துபோனது.

பனி ஏன் சிவக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தண்ணீர்ப் பனியை எத்தனை கோடி ஆண்டு கதிரில் போட்டாலும் அதனால் மட்டும் சிவப்பு வராது. அதில் கரி அணு இல்லை. மீத்தேன், மெத்தனால் போன்றவற்றில் கரி உண்டு. புற ஊதாக் கதிரோ சூரியக் காற்றின் மின்துகளோ காஸ்மிக் கதிரோ மோதும்போது ஹைட்ரஜன் அணு பிய்த்துக்கொண்டு போகிறது. லேசான அது விண்வெளியில் தப்பிவிடும். மிஞ்சிய கரி அணுக்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு சங்கிலியாகவும் வளையமாகவும் நீள்கின்றன. அந்தத் தொடர் பிணைப்புகள் நீல ஒளியை விழுங்கிச் சிவப்பைத் திருப்பி அனுப்புகின்றன. இன்னும் காலம் போனால் ஹைட்ரஜன் மேலும் குறைந்து எல்லாமே கரியாகி, சிவப்பும் போய்க் கறுப்பு வரும். ஆகவே வெளிர் நிறம் இளம் பனியையும், சிவப்பு நடுத்தரக் கதிர்வீச்சையும், கறுப்பு நெடுங்காலக் கதிர்வீச்சையும் காட்டுகின்றன என்று தோராயமாகச் சொல்லலாம். நெப்டியூனுக்கு அப்பாலுள்ள ஏரிஸ், ஹௌமியா, செட்னா மூன்றையும் பாருங்கள். ஏரிஸ் தன்மேல் விழும் ஒளியில் 96 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது. அதன் மீத்தேன் மறுபடி மறுபடி உறைந்து புது வெண்பனியாகப் படிந்துகொண்டிருக்க வேண்டும். ஹௌமியாவின் மேல் பெரும்பாலும் தூய தண்ணீர்ப் பனி, அதனால் அதுவும் வெளுப்பு. செட்னாவோ செவ்வாயை நினைவூட்டும் சிவப்பு.

2015 ஜூலை 14. நியூ ஹொரைசன்ஸ் புளூட்டோவிலிருந்து 12,500 கிலோமீட்டர் தொலைவில் பறந்தது. அதிலிருந்த வண்ணக் கேமராவுக்கும் சி.சி.டி.தான் கண். நீலம், சிவப்பு, அகச்சிவப்பு, மீத்தேன் விழுங்கும் அலைநீளம் என்று வடிகட்டிகள். பிடித்த தரவு முழுவதும் பூமிக்கு வந்துசேர 15 மாதங்களுக்கு மேல் ஆனது. நைட்ரஜன் பனியால் ஆன வெளிறிய இதய வடிவச் சமவெளி எல்லோருடைய கண்ணையும் கவர்ந்தது. என் கண் போன இடம் அதன் பக்கத்தில், நடுக்கோட்டை ஒட்டி நீளும் இருண்ட செம்பழுப்புப் பட்டை. புளூட்டோவின் மெல்லிய காற்றில் நைட்ரஜனும் மீத்தேனும் இருக்கின்றன. இதாக்காவின் கலத்தில் இருந்த அதே இரண்டு. மேலே கதிர் பட்டு உண்டாகும் புகைத்துகள்கள் கீழே இறங்கிப் படிகின்றன. மீத்தேனும் நைட்ரஜனும் உறைந்து மூடாத இடங்களில் அந்தப் படிவு அப்படியே தெரிகிறது.

சனிக்கோளின் நிலவு டைட்டனின் ஆரஞ்சு மூட்டமும் இதே சமையல்தான். காசினி விண்கலம் அந்த வளிமண்டலத்தின் உச்சியிலேயே கனத்த கரிம அயனிகளைக் கண்டுபிடித்தது. ஆனால் டைட்டனைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது, அதனால் கேரனுக்குப் போகலாம். அங்கேதான் இந்தக் கசடின் மிக விசித்திரமான பயணம் நடந்திருக்கிறது.

கேரனுக்குக் காற்று என்று சொல்லத்தக்கது இல்லை. மேற்பரப்பு சாம்பல் நிறத் தண்ணீர்ப் பனி. வட துருவத்தில் பெரிய செந்திட்டு. காற்றில்லாத நிலவில், அதுவும் துருவத்தில் மட்டும், சிவப்பு எங்கிருந்து வந்தது? லோவெல் வான் ஆய்வகத்தின் வில் க்ரண்டி 2016-இல் 'நேச்சர்' இதழில் விடை தந்தார். மூலப்பொருள் கேரனுடையதல்ல. 19,600 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் புளூட்டோவிலிருந்து மீத்தேன் கசிந்து தப்புகிறது. அதில் ஒரு சிறு பங்கு கேரனின் ஈர்ப்பில் மாட்டிக்கொள்கிறது. நிலத்தில் விழுந்து, துள்ளி, மறுபடி விழுந்து, கடைசியில் குளிர்காலத் துருவத்தை அடைகிறது. அங்கே இரவு நூறு பூமி ஆண்டுகளுக்கும் மேல் நீளும். வெப்பநிலை மைனஸ் 248 டிகிரிக்கும் கீழே இறங்கும். மீத்தேன் அசையாமல் உறைந்துவிடும்.

சூரியன் எட்டாத அந்த இருட்டிலும் ஒரு கதிர் வேலை செய்கிறது. கோள்களுக்கு இடையே மிதக்கும் ஹைட்ரஜன் அணுக்கள் சூரியனின் புற ஊதா ஒளியைச் சிதறடித்து எல்லாப் பக்கமும் அனுப்புகின்றன. இரவுத் துருவத்தின் மேலும் அது விழுகிறது, மீத்தேனை மெல்ல மெல்லக் கனத்த சேர்மங்களாக மாற்றுகிறது. வசந்தம் வந்து சூரியன் உதிக்கும்போது மாறாத மீத்தேன் ஆவியாகிப் போய்விடும். கனத்தது தங்கிவிடும். பல கோடி ஆண்டுகளாக, குளிர்காலத்துக்கு ஒரு பூச்சு என்று துருவம் சிவந்திருக்கிறது.

இந்த விடையைச் சோதிக்க டெக்சஸ் போக வேண்டும். சான் அன்டோனியோவில் உள்ள சவுத்வெஸ்ட் ஆய்வு நிறுவனத்தில் உஜ்வல் ரௌத், பென் டியோலிஸ் குழுவினர் வெற்றிடக் கலத்துக்குள் கேரனின் குளிர்காலத்தை உண்டாக்கினார்கள். மெல்லிய மீத்தேன் பனி, அதன்மேல் அதே புற ஊதா ஒளி. 2022-இல் முடிவு வந்தது. மீத்தேன் ஈத்தேனாக மாறுகிறது, ஆனால் அந்த ஒளி மட்டும் அதைச் சிவக்க வைக்கவில்லை. துருவத்தில் தங்கிவிடும் ஈத்தேனை, விடிந்த பிறகு வந்து மோதும் சூரியக் காற்றின் மின்துகள்கள் சிவப்பாக்கியிருக்கலாம். க்ரண்டி சொன்ன பாதை பெரும்பாலும் சரி, கடைசிப் படி மட்டும் வேறு என்று ஆகிறது. ஒரு கோட்பாட்டைக் கலத்தில் போட்டு அதன் ஒரு கணுவைத் திருத்தும் இந்த வேலை எனக்கு மிகப் பிடிக்கிறது. கரே தொடங்கி வைத்த முறை இதுதான்.

புளூட்டோவைத் தாண்டி 160 கோடி கிலோமீட்டர் போன நியூ ஹொரைசன்ஸ் 2019-இன் முதல் நாளில் அரகாத் என்ற கைப்பர் பட்டைப் பொருளைக் கடந்தது. இரண்டு உருண்டைகள் ஒட்டிய உருவம், நீளம் சுமார் 36 கிலோமீட்டர். அங்கிருந்து புறப்பட்ட ஒளி நம்மை வந்தடைய ஆறு மணி நேரத்துக்கு மேல். சூரிய ஒளி பூமியில் விழுவதில் ஏறக்குறைய 1,900-இல் ஒரு பங்குதான் அங்கே விழும். உடம்பு முழுக்க ஒரே சிவப்பு. மீத்தேனைப் பிடித்து வைக்கும் அளவுக்கு அதற்கு ஈர்ப்பு இல்லை, அதனால் புளூட்டோவின் கதை இங்கே செல்லாது. நிறமாலையில் தெளிவாக வந்தது மெத்தனால் பனி. 1998-இல் ஃபோலஸில் சந்தேகப்பட்ட அதே பொருள். 2024-இல் ஹவாய் பல்கலைக்கழகத்தின் ரால்ஃப் கைசர் குழுவினர் மெத்தனால் பனியை எலக்ட்ரான்களால் தாக்கிக் காஸ்மிக் கதிரின் நெடுங்காலத் தாக்குதலைப் போலச் செய்து பார்த்தார்கள். அரகாத்தின் நிறத்தோடு ஒத்துப்போகும் சிவப்புப் படிவு கிடைத்தது. அதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ரைபோஸ், குளுக்கோஸ் போன்ற சர்க்கரைகள்.

இங்கே ஒரு மறுப்பையும் சொல்லியாக வேண்டும். தோலின் என்ற சொல் இப்போது மிகச் சுலபமாகப் புழங்குகிறது. எங்கே சிவப்பு தெரிந்தாலும் தோலின் என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். நம் வீட்டில் குழம்பு என்றால் எதுவும் புரியாது, வத்தக்குழம்பா, மோர்க்குழம்பா, மீன்குழம்பா என்று கேட்போம். அதே கேள்வியை இங்கேயும் கேட்க வேண்டும். நைட்ரஜனும் மீத்தேனும் வாயுவாக இருந்து உண்டான டைட்டன் வகை வேறு, பனியாக உறைந்த மெத்தனாலிலிருந்து வந்த அரகாத் வகை வேறு. ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கும் சிவப்பில் பங்கு உண்டு என்று வானியலாளர் மைக் பிரவுனின் குழு வாதிடுகிறது. 1979-இல் ஒரு குடும்பத்துக்கு வைத்த பெயரை ஒரே ஆளின் பெயராகப் பயன்படுத்துவது நியாயமில்லை.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கருவி ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி. நோயெமி பினியா-அலோன்சோ தலைமையிலான குழு அதைக் கொண்டு நெப்டியூனுக்கு அப்பாலுள்ள 50-க்கும் மேற்பட்ட பொருள்களின் அகச்சிவப்பு நிறமாலையை எடுத்தது. அவை மூன்று கூட்டங்களாகப் பிரிந்தன. வரைகோட்டின் வடிவத்தை வைத்துக் கிண்ணம், இரட்டைக் குழி, செங்குத்துச் சரிவு என்று பெயர். கிண்ணத்தில் தண்ணீர்ப் பனியும் தூசியும் மிகுதி. இரட்டைக் குழியில் கார்பன் டை ஆக்சைடு மேலோங்குகிறது. சரிவில் மெத்தனாலும் சிக்கலான கரிமங்களும் செறிந்திருக்கின்றன, மிகச் சிவந்தவை இந்தக் கூட்டத்தில்தான். சூரியன் பிறந்தபோது எந்தத் தொலைவில் எந்தப் பனி உறைந்து நிற்க முடிந்ததோ அந்தக் கோடுகள் இன்னும் இந்தக் கூட்டங்களில் தெரிகின்றன என்று குழு கருதுகிறது. அப்படியானால் நிறம், வெயிலில் எவ்வளவு காலம் கிடந்தது என்பதோடு எந்த ஊரில் பிறந்தது என்பதையும் சொல்கிறது.

பிறந்த ஊரை விட்டுக் கிளம்புபவையும் உண்டு. நெப்டியூனின் ஈர்ப்பு கைப்பர் பட்டைப் பொருள்கள் சிலவற்றை உள்ளே இழுத்துவிடும். ராட்சதக் கோள்களுக்கு நடுவே அவை சில லட்சம், சில கோடி ஆண்டுகள் அலையும். ஃபோலஸ் அப்படி அலைவதுதான். இன்னும் உள்ளே வந்தால் வால் நட்சத்திரம். ஜூயிட் 2002-இல் ஒன்றைக் கவனித்தார். கைப்பர் பட்டையில் தாராளமாக இருக்கும் அந்த அதிசிவப்பு, வால் நட்சத்திரங்களின் கருவில் எங்குமே இல்லை. வழியில் அது தொலைந்துபோகிறது. சனிக்கோளின் சுற்றுப்பாதையை நெருங்கும்போது உள்ளிருக்கும் பனி விழித்துக்கொண்டு ஆவியைக் கக்கத் தொடங்குகிறது. கக்கிய தூசி திரும்ப விழுந்து பழைய சிவப்புத் தோலை மூடிவிடுகிறது என்பது அவர் விளக்கம். 2014-இல் ரொசெட்டா விண்கலம் நெருங்கிப் பார்த்த 67பி வால் நட்சத்திரம் ஒளியில் ஆறு விழுக்காடு அளவுக்கே திருப்பி அனுப்பும் கருமை, லேசான சிவப்புச் சாயல் மட்டும். எனவே அசல் சிவப்பை அதன் வீட்டுக்குப் போய்த்தான் பார்க்க முடியும். அங்கே போய்ப் பார்த்த விண்கலம் இதுவரை ஒன்றே ஒன்று.

இந்தியாவிலும் இந்த வேலை நடக்கிறது. அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் பாலமுருகன் சிவராமன் குழுவினர் விண்வெளிக் குளிரில் பனிப் படலங்களை உறைய வைத்துக் கதிருக்கு உட்படுத்தி, என்ன உண்டாகிறது என்று பார்க்கிறார்கள். தமிழ்நாட்டில் வேதியியலோ இயற்பியலோ படிக்கும் பிள்ளைக்கு விண்வெளி ஆய்வு என்றால் ராக்கெட் மட்டும்தான் என்ற எண்ணம் இருக்கிறது. வெற்றிடக் கலமும் குளிர்விப்பானும் பொறுமையும் இருந்தால் புளூட்டோவைப் பூமியிலேயே செய்து பார்க்கலாம் என்று யாராவது அவர்களிடம் சொல்ல வேண்டும்.

ஐசலினிலும் எடிசனிலும் பிள்ளைகள் பள்ளி அறிவியல் கண்காட்சிக்குச் சூரியக் குடும்ப மாதிரி செய்கிறார்கள். கடைசிப் பந்தான புளூட்டோவுக்கு நீலம் பூசுவது வழக்கமாக இருக்கிறது. செம்பழுப்பு வாங்கிக் கொடுங்கள். ஏன் அந்த நிறம் என்று ஆசிரியர் கேட்டால் சொல்வதற்குப் பிள்ளைக்கு இரண்டு பெயர் சொல்லிக் கொடுங்கள்: வாராணசியின் பிஷுன் கரே, பக்கத்து ஊர் மர்ரே ஹில்.